படிக்க இடம் கிடைத்தது, இருக்க இடம்?

நம் ஊர்ப் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறது என்றால் வேன் பிடித்து விமான நிலையம் வரை போய் வழியனுப்புகிறோம். முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அதே பிள்ளை இரண்டு மூன்று ஆண்டு கழித்து, இருந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டில் தெரியாத ஒரு நகரத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காகப் போகும்போது யாரும் கேட்பதில்லை. 'அதான் வெளிநாட்டைப் பார்த்தாச்சே, இனி என்ன' என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அந்த இரண்டாவது பயணத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் உதவித்தொகை முடிந்திருக்கும். பழகிய விடுதியும் நண்பர்களும் பழைய ஊரிலேயே நின்றுவிடுவார்கள். வீட்டில், போதும் படித்தது, சம்பாதிக்க வா என்பார்கள்.

அண்ணல் அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. அவருடைய பட்டங்களை நாம் சிலைக்குக் கீழே வரிசையாகப் பொறித்து வைத்திருக்கிறோம். ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் நடுவில் அவர் எங்கே தங்கினார், என்ன சாப்பிட்டார், யாரிடம் கடன் வாங்கினார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது குறைவு.

1913இல் அவர் நியூயார்க் போனபோது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகை கையில் இருந்தது. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்தாண்டு வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் தங்க முடிந்தது. நவல் பாதேனா என்ற பார்சி நண்பர் கிடைத்தார். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916 மே 9ஆம் தேதி இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்ற புகழ்பெற்ற கட்டுரையை அங்கே ஒரு கருத்தரங்கில் வாசித்தார். அடுத்த மாதமே லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டார்.

உதவித்தொகைக் காலம் முடிகிற நேரம் அது. கேட்டு வாங்கிய நீட்டிப்பை நம்பித்தான் கிளம்பினார். ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. லண்டனில் சொந்தபந்தம் யாரும் இல்லை. கொலம்பியா பேராசிரியர் செலிக்மன் லண்டன் அறிஞர்களுக்கு எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதம் ஒன்றே துணை. லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஓராண்டு கூட முழுதாகப் படிக்க முடியவில்லை. கெடு முடிந்தது, திரும்பி வா என்று பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது.

போவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். விட்ட படிப்பை 1917 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் திரும்ப வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டார். பணமில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றிருந்தால் அங்கேயே பெயர் அடிபட்டிருக்கும். இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் சேர்க்கையைத் தள்ளிவைக்கவும், படிப்பை இடையில் நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. எழுதிக் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு இடத்தையே இழக்கிறவர்கள் நம்மில் அதிகம்.

திரும்பும் வழியில் அவருடைய பெட்டிகளும் புத்தகங்களும் வந்த கப்பலைப் போரில் மூழ்கடித்துவிட்டார்கள். அதற்கு நட்ட ஈடாகக் கிடைத்த பணத்தில்தான் பரோடாவுக்கே போனார். அங்கே நடந்ததை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் அறை கிடைத்தது, லண்டனில் அறை கிடைத்தது. படிக்க அனுப்பிய அரசின் தலைநகரில் கிடைக்கவில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து காலி செய்யச் சொன்னது. தெரிந்த இருவரிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறிஸ்தவர். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைவிரித்தார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். மேல்நாட்டில் கழித்த ஆண்டுகளில் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே தன் மனதிலிருந்து போய்விட்டிருந்ததாகவும், பரோடாவில் எங்கே தங்குவது என்ற கேள்வி வந்தபோதுதான் அது திரும்ப வந்ததாகவும் சொல்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இன்று இது பாடநூலாக வைத்துப் படிக்கப்படுகிறது. தமிழிலும் இந்நூல் கிடைக்கிறது. சிறிய நூல்தான், ஒரே மாலையில் படித்து முடிக்கலாம்.

லண்டன் படிப்புக்கான நான்காண்டுக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920 மார்ச்சில் வேலையை விட்டார். சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் கொஞ்சம் உதவினார், நியூயார்க் நண்பர் பாதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். ஜூலையில் மறுபடி லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 29. மனைவி ரமாபாய் பம்பாய் பரேல் குடியிருப்பில் குடும்பத்தைப் பற்றாக்குறையோடு நடத்தினார். அண்ணலின் லண்டன் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதற்கான செலவில் ஒரு பங்கு பரேலில் அரை வயிறும் கால் வயிறுமாகக் கழிந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

லண்டனில் அவர் தங்கியது சாப்பாட்டோடு வாடகைக்கு விடும் வீடு. காலையில் ஒரு கப் தேநீர், ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம். பகல் முழுக்க பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில், திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியேறுவார். இரவு ஒரு கப் மாட்டிறைச்சிச் சாறும் பிஸ்கட்டும். அது போதாமல், நண்பர் கொடுத்த அப்பளத்தைப் பத்து மணிக்கு மேல் பொரித்துத் தின்று படிப்பைத் தொடர்ந்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்ஜெய் கீர் எழுதுகிறார். 1921-22இல் அவர் வாடகைக்கு இருந்த 10, கிங் ஹென்றிஸ் ரோடு வீட்டை மகாராஷ்டிர அரசு 2015இல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கி நினைவில்லமாக்கியது. அக்கம்பக்கத்தார் சிலர் ஆட்சேபித்ததால் அருங்காட்சியகமாக நடத்த முறையான அனுமதி 2020இல்தான் கிடைத்தது.

1921இல் எம்.எஸ்சி., 1922இல் பாரிஸ்டர். நடுவில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார். வகுப்புக்கு வரவில்லை என்று அங்கே பெயரை நீக்கிவிட்டார்கள். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டைத் திருத்தித் தரும்படி தேர்வாளர்கள் சொன்னபோது கையில் பணமில்லை. 1923 ஏப்ரலில் ஊர் திரும்பி, பம்பாயிலிருந்தே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டுக் கடைசியில் டி.எஸ்சி. பட்டம் வந்தது. கொலம்பியாவில் ஆய்வேட்டை முடித்தது 1916இல். அதை அச்சிட்டுக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அங்கே விதி. 1925இல் நூலாக வந்தது, 1927இல் பிஎச்.டி. வழங்கப்பட்டது. எழுதி முடித்த பிறகு பதினோரு ஆண்டு!

இந்தக் கணக்கில் எங்காவது திறமைக்குறைவு தெரிகிறதா? கெடு, கடன், அறை, அச்சுக்கூலி. இவைதான் தெரிகின்றன. அவருக்கே அது நன்றாகத் தெரிந்திருந்தது. 1942இல் அரசப் பிரதிநிதியிடம் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றிக் கொடுத்த மனுவில், நம் மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக்குத் தனியாக நிதி கேட்டார்.

சுதந்திர இந்தியாவில் 1954-55 முதல் தேசிய அயலக உதவித்தொகைத் திட்டம் நடக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிகக் கடிதம் தந்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பிள்ளைக்கு ஜூலையில் கிடைத்த பதில் இது. பிரிட்டன் விசாவுக்கு ஒன்பது மாதச் செலவுப் பணம் 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருந்ததாகக் காட்ட வேண்டும், அல்லது உதவித்தொகைக் கடிதம் வேண்டும். கூலி வேலை செய்யும் பெற்றோர் எதைக் காட்டுவார்கள்? நிதி இல்லை என்ற ஒரு வரி, பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதத் தாமதம். நம் பிள்ளைக்கு அது இடமே போவது.

இன்னொன்றும் உண்டு. 2022 முதல், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்று விதி வைத்தார்கள். 1916 மே மாதம் நியூயார்க்கில் வாசிக்கப்பட்ட அந்தக் கட்டுரையை எழுத நினைக்கிற மாணவர், இந்த விதியின்படி அம்பேத்கரின் வழியில் போகலாம், அவருடைய பாடத்தை மட்டும் எடுக்கக் கூடாது. இதை நாம் ஏற்க முடியாது.

போன இடத்திலும் சாதி இல்லாமல் இல்லை. வாடகையைப் பகிர்ந்துகொள்ள இந்திய மாணவர்கள் சேர்ந்து அறை எடுக்கும்போது, குடும்பப் பெயரையும் சாப்பாட்டையும் துருவிக் கேட்டு ஆளை எடைபோடுவது நடக்கிறது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், சியாட்டில் நகரம் 2023இலும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது இதனால்தான். அங்கிருந்து சென்னைக்கோ டெல்லிக்கோ ஆராய்ச்சிக்கு வந்தால், வீட்டு உரிமையாளர் வெளிநாட்டுப் பட்டத்தைப் பார்க்க மாட்டார். 'நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?' என்றுதான் கேட்பார்.

தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பல கிராமங்களில் இது தெரியவே தெரியாது. போக நினைக்கிறவர்கள் ஓராண்டு முன்பே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், கடவுச்சீட்டு மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தாசில்தார் அலுவலகத்தில் அதைத் திருத்தவே மாதக்கணக்கில் ஆகும். பல்கலைக்கழக விடுதிக்கு, இடம் உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள். வெளியில் அறை தேடினால் உள்ளூர் ஜாமீன் கேட்பார்கள். அந்த நகரத்தில் படிக்கும் நம் மாணவர் ஒருவரையாவது புறப்படும் முன் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஏற்கெனவே அங்கே போய்ப் படிக்கிறவர்கள், ஊரிலிருந்து வருகிற அழைப்பை எடுங்கள்.