பீரங்கித் துவாரங்களை எண்ணுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலோ, செட்டிநாட்டு வீடொன்றின் பரணிலோ பாய்மரப் போர்க்கப்பல் படம் ஒன்று கிடைத்தால், அது எந்தக் கப்பல் என்று கண்டறிய முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் படத்தின் கீழே உள்ள பெயரைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும்.

நம் கரையிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1782, 1783-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூசும் ஐந்து முறை கடலில் மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் அருகே மூன்று போர்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் இரண்டு. கடலூர்ப் போர் நடந்த 1783 ஜூன் 20-க்கு முன்பே ஐரோப்பாவில் சமாதான உடன்பாடு ஆகிவிட்டது. செய்திதான் வந்து சேரவில்லை.

சுஃப்ரேனின் தலைமைக் கப்பல் 'எரோ', 74 பீரங்கிகள் கொண்டது. இந்த வகைப் பிரெஞ்சுக் கப்பலில் கீழ்த்தளத்தில் 28, மேல்தளத்தில் 30, அதற்கும் மேலே 16 சிறிய பீரங்கிகள் இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கீழ்வரிசையில் 14 துவாரம், மேல்வரிசையில் 15. அதே அணியில் வந்த 64 பீரங்கிக் கப்பல்களில் முறையே 13, 14. வரிசைக்கு ஒரே ஒரு துவாரம்தான் வித்தியாசம்! புகையும் அலையும் தீட்டும் வேகத்தில் ஓவியர் ஒன்றை விட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் கொடியையும் பார்க்க வேண்டும். அன்றைய பிரெஞ்சுக் கடற்படைக்கொடி வெள்ளை. 1782-ஆம் ஆண்டுப் போர் என்று சொல்லி மூவண்ணக்கொடி பறக்கவிட்ட படம், புரட்சிக்குப் பின் தீட்டியது. கடலூர்ப் போரைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தை ஓகுஸ்த் ஜுகெலே தீட்டியது 1836-இல். போர் நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 'அனிபால்' போதும். சுஃப்ரேனிடம் 74 பீரங்கி 'அனிபால்' ஏற்கெனவே இருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயரின் 50 பீரங்கி 'ஹானிபல்' பிடிபட்டு அவர் அணியில் சேர்ந்தது. ஒரே அணியில் ஒரே பெயரில் இரண்டு கப்பல்கள்! பிரெஞ்சுக்காரர்கள் புதிதாக வந்ததைச் 'சின்ன அனிபால்' என்றார்கள். 'அனிபால்' என்று மட்டும் எழுதிய படத்தில் துவாரங்களைத்தான் எண்ண வேண்டும்: 50 பீரங்கிக் கப்பலின் கீழ்த்தளத்தில் பக்கத்துக்கு 11 பீரங்கிகளே. பிரெஞ்சுக் கொடி பறந்தாலும் அதன் உடல் ஆங்கிலேயத் தச்சர் செய்தது.

எதிர்ப்பக்கமும் இதே கதை. பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்களை ஆங்கிலேயர் உலர்துறையில் ஏற்றி, அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்துகொண்டார்கள். 1761-இல் பிடிபட்ட 'குராஜே'யின் வடிவத்தையே பின்பற்றிப் பல கப்பல்களைக் கட்டினார்கள். அந்த வகை வரைபடங்கள் இன்று லண்டன் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைபடத்தின் அளவுகோலும் துப்பு கொடுக்கும்: பிரெஞ்சு அடி 32.48 செ.மீ., ஆங்கில அடி 30.48 செ.மீ.

படத்துக்குப் பதில் மாதிரிக் கப்பல் கிடைத்தால், மரத்தால் செய்த உடலை அதிகம் நம்பலாம், கயிறுகளையும் பாய்களையும் அவ்வளவு நம்ப முடியாது. அவை இற்றுப்போய்ப் பிற்காலத்தில் யாராவது மாற்றிக் கட்டியிருப்பார்கள். பாரிஸின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு விதையானது பிரெஞ்சு அறிஞர் துஹமெல் து மோன்சோ 1748-இல் பதினைந்தாம் லூயி மன்னருக்குக் கொடுத்த மாதிரிகளின் தொகுப்பு. அவை கப்பல் கட்டும் கலையைக் கற்பிக்கச் சேர்த்தவை. அதனால்தான் அலங்காரப் பொம்மைகளைவிட அத்தகைய மாதிரிகள் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன.

'எரோ' 1793-இல் தூலோன் துறைமுகத்தில் எரிந்துபோனது. சுஃப்ரேனின் அணியில் ஒரு கப்பல்கூட இன்று மிஞ்சவில்லை. மிஞ்சியவை தாள்களும் மாதிரிகளும்தான்.

ஆகவே பழைய கப்பல் படம் உங்கள் வீட்டில் இருந்தால், புதுச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று அதன் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். 1735-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டப்படி அச்சுப்படத்தில் உரிமையாளர் பெயரும் வெளியான தேதியும் பொறிக்கப்பட்டன. அந்த ஓரத்தில்தான் அவை இருக்கும்.