குளிர்நீர் மீனும் வெண்டலைக் கழுகும்

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலே, மிசூரி, ஆர்க்கன்சா என்னும் இரு மாநிலங்களையும் தழுவிக் கிடக்கும் மலைப்பிரதேசம் ஓசார்க் எனப் பெயர் பெறும். அம்மலைகளினூடே வளைந்து செல்வது வைற் ஆறு. மார்ச் மாதம் பிறந்து, இலையுதிர்ந்து நின்ற மரங்கள் மீண்டும் தளிர்க்கத் தொடங்கும் காலத்தில், இவ்வாற்றங்கரையில் அமைந்த விடுதிகளை நாடிப் பலர் வருவர். அவருட் சிலர் ட்ரவுட் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்க வருவோர். சிலர் ஆற்றின்மேல் வட்டமிடும் வெண்டலைக் கழுகைக் கண்டு மகிழ வருவோர். காலை வேளையில் நீர்மேல் வெண்பனி படர்ந்திருக்க, கரையோர மரத்தின் உச்சியிற் கழுகு அமர்ந்திருக்க, படகின் அருகே மீன் துள்ளும் காட்சியைக் காண்பவர், மனிதன் கைபடாத தூய இயற்கை இதுவே என்று எண்ணுதல் இயல்பு.

ஆயின் உண்மை வேறு. அம்மீன் அவ்வாற்றுக்கு உரியதன்று. அக்கழுகோ அந்நாட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்து, பின்னர் மீண்டு வந்தது. இரண்டிலும் மனிதனுடைய செயல் கலந்திருக்கின்றது. எனினும் அவ்விரு செயல்களும் தம்முள் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை அறிதல், இயற்கையைக் காத்தல் என்பது யாது என்னும் வினாவுக்கு விடை காண உதவும்.

வைற் ஆறு ஆர்க்கன்சாவின் வடமேற்கு மலைகளில் தோன்றி, வடக்கே சென்று மிசூரியினுட் புகுந்து, மீண்டும் தெற்கே திரும்பி, மொத்தம் 722 மைல் ஓடி மிசிசிப்பி ஆற்றுடன் கலக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலாற்றின் நீர் கோடையில் வெதுவெதுப்பாக ஓடியது. சிறுவாய்ப் பாஸ் என்னும் மீனும், பிற வெந்நீர் மீன்களும் அங்கே பெருகி வாழ்ந்தன. அடி தட்டையான நீண்ட மரப்படகுகளில் ஏறி, பல நாள் ஆற்றோடு மிதந்து சென்று, இரவில் கரையிலே கூடாரமடித்துத் தங்கி மீன்பிடிப்பது அக்காலத்தில் புகழ் பெற்ற பொழுதுபோக்காய் இருந்தது. அதே ஆறு, மழை மிகுந்த ஆண்டுகளிற் கரைபுரண்டு வயல்களையும் ஊர்களையும் அழித்தும் வந்தது.

வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் பெறவும் கருதி, அந்நாட்டு அரசு இவ்வாற்றுத் தொகுதியிற் பேரணைகளைக் கட்டியது. கிளையாறு ஒன்றின் குறுக்கே நோர்போர்க் அணை 1944இல் எழுந்தது. வைற் ஆற்றின் குறுக்கே புல் ஷோல்ஸ் அணை 1951இல் முடிவுற்றது. 1952 யூலை மாதம் சனாதிபதி ஹரி ட்ரூமன் அங்கு வந்து, இவ்விரு அணைகளையும் நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெள்ளம் அடங்கியது, மின்விளக்கு எரிந்தது. ஆயின் அணைக்குக் கீழே ஓடிய ஆறு பழைய ஆறாக இருக்கவில்லை.

இதன் காரணம் நீரின் இயல்பிலேயே உள்ளது. ஏறக்குறைய 4 பாகை செல்சியசில் நீர் மிகுந்த அடர்த்தி உடையது. அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற அடர்த்தி குறையும். ஆகவே ஆழமான நீர்த்தேக்கம் ஒன்றில், கோடை வெயிலாற் சூடேறிய நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியிலே தங்கிவிடும். இரண்டும் எளிதிற் கலவா. மின்பொறிகளுக்கு நீர் செல்லும் வாயில்கள் ஆழத்தில் அமைந்திருத்தலால், ஆற்றில் விடப்படுவது அடியிலுள்ள குளிர்நீரே. வெளியே கடுங்கோடை நிலவினும், அணைக்கு அண்மையில் ஆறு 10 பாகை செல்சியசை ஒட்டிய குளிர்ச்சியுடன் ஓடுவதன் மருமம் இதுவே. சிறுவாய்ப் பாஸ் முட்டையிடுவதற்கு நீர் 15 பாகை அளவுக்கேனும் வெப்பமடைதல் வேண்டும். அவ்வெப்பம் கிட்டாதபோது அம்மீனினம் அணைக்கீழ்ப் பகுதியில் அருகி மறைந்தது. பழைய மிதவைப் பயணங்களும் அதனோடு பெரும்பாலும் மறைந்தன.

இழப்பிற்கு ஈடாக மீன்வளத் துறையினர் குளிர்நீரில் வாழவல்ல ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். அணைகளால் நேர்ந்த மீன் இழப்பை ஈடுசெய்தல் அரசின் கடன் என்னும் கருத்தில், நோர்போர்க் அணையின் அடியில் மீன்குஞ்சு வளர்க்கும் நிலையம் ஒன்று 1950களில் நிறுவப்பட்டது. அங்கு வளர்க்கப்படுவனவற்றுள் வானவில் ட்ரவுட் சிறப்பானது. அதன் தாயகம் பசுபிக் சமுத்திரத்தை நோக்கி ஓடும் மேற்கு ஆறுகள். கபில நிற ட்ரவுட் என்னும் மற்றோரினம் ஐரோப்பாவுக்கு உரியது. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. கபில மீன் இவ்வாற்றில் தானே இனம் பெருக்கிக்கொள்கின்றது. வானவில் மீனோ பெரும்பாலும் மனிதன் கொணர்ந்து விடுவதையே நம்பியிருக்கின்றது. வளர்ப்பு நிலையம் நின்றுவிடின், வசந்தந்தோறும் படகேறி வருவோரின் வேட்டையும் பெரிதும் குன்றிவிடும்.

இலங்கையருக்கு இம்மீன் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். அங்கே குளிரைத் தந்தது மலையின் உயரம். வைற் ஆற்றிலே குளிரைத் தந்தது அணையின் ஆழம். இரு நீர்களிலும் அம்மீன் வந்தேறியே.

வசந்தகால மீன்பிடிக்குத் தனிச்சிறப்பு உண்டு. காடிஸ் எனப்படும் சிறு பூச்சியின் புழுக்கள் மணலையும் நுண்கற்களையும் ஒட்டிக் கூடு செய்து ஆற்றின் அடியில் வாழ்வன. ஏப்ரில் மாத அளவில் அவை சிறகு பெற்று, கூட்டங் கூட்டமாக நீர்மட்டத்துக்கு எழும். அவற்றை உண்ண ட்ரவுட் மேலே வரும். இறகாலும் நூலாலும் அப்பூச்சியைப் போலவே கட்டிய செயற்கை ஈயைத் தூண்டிலிற் கோத்து நீர்மேல் மெல்ல விழச் செய்வதே இவ்வேட்டையின் நுட்பம். மீன் உண்ணும் பூச்சி எது, அதன் பருவம் எது, நீரோட்டத்தின் போக்கு எது என்பவற்றை அறிந்தவனே வெற்றி பெறுவான். ஆகவே தூண்டிற்காரன் ஓரளவு இயற்கை நூல் மாணவனும் ஆகின்றான். இன்னும் ஒன்றை அவன் மறத்தலாகாது. மின்சாரத் தேவை மிகும்போது அணையின் பொறிகள் இயங்க, ஆற்று நீர் விரைந்து உயரும். எச்சரிக்கைச் சங்கொலி கேட்டதும் நீரில் இறங்கி நிற்போர் கரையேறிவிடல் வேண்டும். இவ்வாற்றின் ஏற்றமும் இறக்கமும் வானத்து மழையிலும் மின்பொறியையே மிகுதியாகச் சார்ந்தவை.

மீனையும் கழுகையும் ஒருங்கே அணைக்கு அருகில் கூட்டும் நிகழ்ச்சி ஒன்று குளிர்காலத்தின் முடிவில் நேர்வதுண்டு. நீர்த்தேக்கத்தில் ஷாட் என்னும் வெள்ளி நிறச் சிறுமீன்கள் திரள் திரளாக வாழ்கின்றன. கடுங்குளிரை அவை தாங்கமாட்டா. நீர் மிகக் குளிர்ந்த காலத்தில் அவை செயலிழந்தும் இறந்தும் பொறிகளினூடாக இழுக்கப்பட்டு ஆற்றில் வந்து விழும். அப்போது கீழே ட்ரவுட் மீன்கள் திரண்டு உண்ணும். மேலே நீர்க்காகங்களும் கழுகுகளும் கூடும். வடக்கே ஏரிகள் உறைந்தமையால் தெற்கு நோக்கி வந்த கழுகுகளுக்கு, உறையாது ஓடும் இவ்வாறு அன்னசத்திரம் போன்றது. வசந்தம் முதிர்ந்ததும் அவற்றுட் பல வடக்கே திரும்பிவிடும். சில இங்கேயே கூடு கட்டித் தங்குவன. அக்கூடுகளில் வசந்தகாலத்தில் குஞ்சுகளைக் காணலாம்.

ஆங்கிலத்தில் இக்கழுகின் பெயரிலுள்ள அடைமொழி இன்று வழுக்கை எனப் பொருள்படினும், பழைய வழக்கில் அது வெண்மையைக் குறித்த சொல். ஏறக்குறைய ஐந்து வயதிலேயே தலையும் வாலும் வெண்மை பெறும்; அதற்கு முன் உடல் பெரும்பாலும் கபில நிறமாயிருத்தலால், புதியோர் இளங்கழுகை வேறொரு பறவை என மயங்குவர். சிறகை விரித்தால் ஆறு அடி முதல் ஏழரை அடி வரை அகலம் இருக்கும். ஒரே கூட்டை ஆண்டுதோறும் சுள்ளி அடுக்கிப் பெருக்கிக்கொள்ளும். 1782இல் இது ஐக்கிய அமெரிக்காவின் அரச இலச்சினையில் இடம் பெற்றது. எனினும் தேசியப் பறவை எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது 2024 திசெம்பரிலேயே. விறாலடிப்பான் என்னும் பறவை உழைத்துப் பிடித்த மீனை இது பறித்துண்ணும் வழக்கத்தைக் கண்டு, பெஞ்சமின் பிராங்கிளின் 1784இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இதன் ஒழுக்கத்தைப் பழித்தார். இலங்கையின் கடற்கரைகளிலும் களப்புகளிலும் மீன் பிடித்துண்ணும் வெண்வயிற்றுக் கடற்கழுகு இதற்கு நெருங்கிய உறவினது.

நாட்டின் சின்னமாய் இருந்தும் இப்பறவை காக்கப்படவில்லை. மக்கள் சுட்டுக் கொன்றனர். கூடு கட்டும் மரங்களை வெட்டினர். 1940இல் இதனைக் கொல்லுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆயின் அதன்பின் வந்த கேடு துப்பாக்கியினும் கொடிது. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி வயல்களிலிருந்து நீரிற் சேர்ந்து, நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏறி, படிதோறும் செறிவு மிகுந்து, இறுதியில் மீனுண்ணும் கழுகின் உடலிற் குவிந்தது. அதனால் முட்டை ஓட்டில் கல்சியம் போதிய அளவு சேரவில்லை. தாய் அடைகாக்க அமர்ந்தபோதே முட்டைகள் நொறுங்கின. 1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களிலும் கூடு கட்டிய சோடிகள் 417 மட்டுமே எனக் கணக்கிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ரேச்சல் கார்சன் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் பொருளுடைய நூல், இத்தகைய நஞ்சுகளின் விளைவை மக்களுக்கு உணர்த்தியது. பறவைகளின் குரலற்ற வசந்தம் என்பதே அத்தலைப்பின் கருத்து.

இதே மருந்துதான் 1940களின் பிற்பகுதியில் இலங்கையின் மலேரியாவை அடக்க உதவியது என்பதையும் மறத்தல் நேர்மையன்று. வீட்டுச் சுவரில் நுளம்பைக் கொல்ல அளவாகத் தெளித்த மருந்து உயிர் காத்தது. வயல்வெளிகளில் அளவின்றிப் பொழிந்த மருந்து உயிரினங்களை மாய்த்தது. பொருளினும் அதனைப் பயன்படுத்தும் முறையே பெரிதும் கருதத்தக்கது.

1972இல் ஐக்கிய அமெரிக்கா டி.டி.ரி.யின் பொதுவான பயன்பாட்டைத் தடை செய்தது. கூடுகள் காக்கப்பட்டன, சட்டங்கள் இறுகின. கழுகினம் மெல்லப் பெருகியது. 2007இல் அருகிவரும் உயிர்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கின்படி, அதே 48 மாநிலங்களில் கூடு கட்டும் சோடிகள் ஏறக்குறைய 71,400 ஆயின.

ஈண்டு இரு செயல்களையும் ஒப்பு நோக்குக. ட்ரவுட் மீனை விட்டது மாற்றீடு. கழுகைக் காத்தது மீட்பு. மாற்றீட்டிலே, இழந்த பொருள் திரும்பவில்லை; அதனிடத்தில் வேறொன்று வைக்கப்பட்டது. அது பயனுடையதே, பலருக்குத் தொழிலும் மகிழ்ச்சியும் தந்தது. ஆயின் மனிதன் இடையறாது பேணினாலன்றி அது நில்லாது. இலையுதிர்காலத்தில் நீர்த்தேக்கத்தின் அடிநீரில் ஒட்சிசன் குறைவதால், பொறிகளினூடே செல்லும் நீருக்குக் காற்று ஊட்டுதற்கும் வழி செய்ய வேண்டியதாயிற்று. மீட்பிலோ மனிதன் புதிதாக ஒன்றையும் படைக்க வேண்டியதில்லை. தீங்கு செய்தலை நிறுத்தியதே பேருதவியாயிற்று. எஞ்சியதைக் கழுகே செய்துகொண்டது.

மீட்பும் முற்றுப்பெற்றுவிடவில்லை. வேட்டைக்காரர் விட்டுச் செல்லும் விலங்கின் உடலிலுள்ள ஈயக் குண்டின் துணுக்குகளை உண்டு கழுகுகள் நஞ்சேறுகின்றன. 38 மாநிலங்களிற் செய்து 2022இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, சோதித்த கழுகுகளுள் ஏறக்குறைய பாதியில் நீடித்த ஈய நஞ்சின் அடையாளத்தைக் கண்டது. தூண்டிலில் ஈயக் குண்டுக்குப் பதில் வேறு உலோகத்தைக் கட்டுதலும், கூட்டுக்கு 330 அடிக்குக் குறையாத தொலைவிற் படகை நிறுத்துதலும் ஆற்றுக்கு வருவோர் செய்யத்தக்க எளிய கடமைகள்.

ஆற்றை மாற்றும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. மாற்றியபின் பழையதை அப்படியே திரும்பத் தரும் ஆற்றல் எல்லா வேளையிலும் இல்லை. வைற் ஆற்றின் பாஸ் மீன் அணைக்கீழ் நீருக்கு இன்றும் திரும்பிவிடவில்லை. கழுகு திரும்பியது, அதன் கடைசிக் கூடுகள் அழியுமுன் மனிதன் விழித்துக்கொண்டமையால். அணை கட்டுவோரும் மருந்து தெளிப்போரும் செயலிற் புகுமுன் இவ்விரு வரலாறுகளையும் சீர்தூக்கிப் பார்ப்பாராயின், மாற்றீடு தேடும் நிலை பல இடங்களில் நேராது.