பெட்ரோலும் எண்ணெயும்: அளவு தவறலாகாது

மருந்து தெளிக்கவும் களை வெட்டவும் முதுகிலோ தோளிலோ மாட்டிக்கொண்டு உபயோகிக்கும் சிறு யந்திரங்கள் இன்று நம் கிராமங்களில் பரவியிருக்கின்றன. இவற்றுள் பல டூ ஸ்ட்ரோக் எஞ்சினால் ஓடுபவை. தனியே வாங்க இயலாதவர்கள் கூட்டாக வாங்கி, முறை வைத்துக்கொள்வதும் உண்டு. இவ்வாறு பலர் கை படும் யந்திரத்தில் பெட்ரோலுடன் எண்ணெயை ஆளுக்கோர் அளவாகக் கலப்பது பெருங்கேடு. அந்த அளவைக் குறித்தே அங்கத்தினர்களுக்கு இங்கே சில கூற விரும்புகிறோம்.

மோட்டார் காரின் எஞ்சினில் மசகெண்ணெய் அடியிலுள்ள தொட்டியில் தனியே நின்று, திரும்பத் திரும்பச் சுழன்று வரும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அத்தகைய தொட்டி இல்லை. பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறையின் வழியாகவே சிலிண்டருக்குச் செல்கின்றன. அப்பொழுது பெட்ரோலில் கலந்திருக்கும் எண்ணெயே பேரிங்குகளிலும் பிஸ்டனிலும் படிந்து உராய்வைத் தடுக்கிறது. பிறகு அதுவும் எரிந்து வெளியேறிவிடுகிறது. ஆகவே, வெறும் பெட்ரோலை ஒருமுறை ஊற்றி ஓட்டினாலும் எஞ்சின் பாழாகக்கூடும்.

எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறி, சிலிண்டர்ச் சுவரில் கீறல் விழுந்து, இறுதியில் பிடித்துக்கொள்ளும். அப்பால் பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இராது. இதற்கு அஞ்சி, கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே என்று எண்ணுவோர் பலர். அதுவும் தவறே. மிகுதியான எண்ணெய் முழுவதும் எரியாமல் புகையாகும். ஸ்பார்க் பிளக்கிலும் புகை வெளியேறும் வாயிலிலும் கரி படியும். எஞ்சினின் வலிமை குறையும். தில்லியில் ஆட்டோ ரிக்‌ஷாக்களும் ஸ்கூட்டர்களும் கக்கிய புகையைக் குறைக்கும் பொருட்டு, 1998ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வெண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பது தடுக்கப்பட்டு, அளவோடு கலந்த பெட்ரோல் வழங்க ஏற்பாடாயிற்று.

சரியான அளவு எது? எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் ஒரே அளவு இல்லை. யந்திரத்தோடு வரும் கையேட்டில் கண்டதே சரியான அளவு. 50:1 என்று இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. சில கையேடுகளில், கம்பெனியின் சொந்த எண்ணெய்க்கு ஓர் அளவும் பிற எண்ணெய்களுக்கு வேறோர் அளவும் குறித்திருப்பார்கள். அதைக் கவனித்துப் படிக்க வேண்டும். சாயம் தோய்க்கும் நெசவாளர் நூலின் எடைக்குத் தக்கபடி சாயத்தை நிறுத்துப் போடுகிறார். கைக்கு வந்தபடி போடுவதில்லை. இங்கும் அந்த ஒழுங்கே வேண்டும். பாட்டில் மூடியை அளவாகக் கொள்ளாமல், மில்லி கோடிட்ட அளவுக் குவளை ஒன்றை வைத்துக்கொள்க.

எண்ணெயின் தரமும் முக்கியம். டப்பாவின்மேல் ஜாஸோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற குறியிருந்தால், அது காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உகந்த, புகை குறைந்த எண்ணெய். டிராக்டருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் ஆகாது; அது எரிந்தால் சாம்பல் தங்கும். நீரால் குளிரும் படகு எஞ்சினுக்கென விற்கும் எண்ணெயும் ஏற்றதன்று.

கலக்கும் முறை எளிது. சுத்தமான கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, அளந்த எண்ணெயைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் நன்றாகக் குலுக்குக. யந்திரத்தின் டாங்கிலேயே கலத்தல் கூடாது. டாங்கில் ஊற்றுமுன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அருகில் நெருப்பு இருத்தலாகாது.

கலவையை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். இப்பொழுது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எதனால் சேர்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. வேலைப் பருவம் முடிந்ததும் டாங்கை வடித்து, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, பிறகு எடுத்து வைக்க வேண்டும்.

கூட்டாக யந்திரம் வைத்திருப்போருக்கு நாம் கூறும் யோசனை இது: ஒரு கேன், ஓர் அளவுக் குவளை, கலப்பதற்குப் பொறுப்பாக ஒருவர். கேனின்மேல் விகிதத்தையும் கலந்த தேதியையும் எழுதி ஒட்டுக. மருந்தடிக்கும் நாளில் யந்திரம் நின்றுவிட்டால் நஷ்டம் ஒருவரோடு முடிவதில்லை. முறைக்குக் காத்திருக்கும் அத்தனை பேரின் பயிரையும் பூச்சி அரிக்கும். லிட்டருக்கு 20 மில்லியை ஒழுங்காக அளப்பது அதனினும் எளிதன்றோ?