மூட்டை கட்டும் முன்

வீடு மாறுவது என்றால் நகரத்தில் இருப்பவருக்கு லொறி பிடிப்பதும் சாமான் கட்டுவதும்தான் பெரிய வேலை. கண்டியைச் சுற்றியுள்ள கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ, ரங்கல, மடுல்கலை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வாழும் எமது மக்களுக்கு அது ஒருபோதும் அவ்வளவு சிறிய காரியமாக இருந்ததில்லை. லயத்தில் குடியிருப்பு தொழிலோடு ஒட்டியது. பேர் பதிந்தால் காம்பரா கிடைக்கும். பேர் வெட்டினால் காம்பராவும் கையை விட்டுப் போகும். ஆகவே வீடு மாறுவது தோட்டத்தை மாறுவதாகவும், ஒரு காலத்தில் நாட்டையே மாறுவதாகவும் இருந்தது.

இன்று மீண்டும் பல குடும்பங்கள் மூட்டை கட்டுகின்றன. சிலர் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளால் சிலர் இருந்த இடத்தை இழந்தார்கள். இவ்வேளையில், முன்னைய தலைமுறை எப்படி ஆயத்தம் செய்தது, எங்கே இடறியது என்று திரும்பிப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

ஒப்பந்தமும் கடதாசியும்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதி அதில் எழுதப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. போக வேண்டியவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைய ஆயத்தம் கடதாசியில்தான் ஆரம்பமாயிற்று. விண்ணப்பம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், படம், பின்னர் கடவுச்சீட்டு. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்திற்கு ஒரு நாள் பேரை விட்டுவிட்டு நடக்க வேண்டியிருந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் அடுத்தவர் எழுதியதில் கைநாட்டு வைத்தார்கள். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறொரு பெயர் என்றிருந்த குடும்பங்கள் அதனால் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல.

இதைவிடப் பெரிய துயரம் ஒன்று இருந்தது. வயது வந்த பிள்ளைகள் தனியாக விண்ணப்பித்தார்கள். தாய் தகப்பனுக்கு இந்தியா, மூத்த மகனுக்கு இலங்கை என்று ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். கட்டிக்கொடுத்த மகள் புருஷன் வீட்டோடு நின்றாள், பெற்றவர்கள் கப்பலேறினார்கள்.

விற்றதும் கட்டியதும்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின. 1973, 74இல் பஞ்சம் வந்தது. 1977 ஆவணியில் வன்செயல் நடந்தது. இவற்றையெல்லாம் கண்டபின், போகத் தயங்கியவர்களும் மூட்டை கட்டினார்கள்.

போகும் திகதி தெரிந்ததும் ஆட்டையும் மாட்டையும் விற்பார்கள். போகிறவன் விற்கத்தான் வேண்டும் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். விலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைக் கணக்குத் தீர்க்க வேண்டும். நகை அடகில் இருந்தால் மீட்க வேண்டும். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வர வேண்டும். மரக்கறித் தோட்டம் காய்ப்பில் இருந்தாலும் அடுத்த காம்பராவுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

பின்னர்தான் பெட்டி. கம்பளி, பாத்திரம், சாமிப்படம், தேயிலைத்தூள், இருந்தால் ரேடியோ அல்லது தையல் மெசின். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் எடுப்பதா விடுவதா என்று வீட்டுக்கு வீடு விவாதம். கடைசி நாள் கோயிலுக்கோ மாதா சுருவத்திற்கோ ஒரு நடை, முன்னோரின் புதைகுழிக்கு ஒரு நடை. லயம் முழுவதும் கூடி நின்று வழியனுப்பும்.

புகையிரதம் கண்டியிலிருந்து பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றது. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஏறியவரும் அழுதார், நின்றவரும் அழுதார். அதனால் மக்கள் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள்.

போகும் இடம் தெரியாத பயணம்

இவ்வளவு ஆயத்தம் செய்தும் ஒன்றை மட்டும் செய்ய வழியிருக்கவில்லை. போகும் இடத்தை எவரும் முன்னே போய்ப் பார்க்கவில்லை. குடும்ப அட்டையில் எழுதியிருந்த உதவித் திட்டமே அவர்களுக்குத் தெரிந்த ஊர். மண்டபம் முகாமில் பதிந்த பிறகு சிலர் நீலகிரிக்குச் சென்றார்கள். அங்கே 1968இல் தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்கென்றே தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்திருந்தது. அவர்களுக்குத் தெரிந்த தொழிலாவது கிடைத்தது. வேறு பலருக்கு வியாபாரக் கடன் எழுதப்பட்டிருந்தது. பிறந்ததிலிருந்து கொழுந்து பறித்தவர், கவ்வாத்து வெட்டியவர், தராசையே பிடித்தறியாதவர் எந்த வியாபாரத்தைச் செய்வார்? கடன் கரைந்தது. சிலர் கொடைக்கானல் காடுகளில் முன்பணத்திற்குக் கட்டுண்ட மரம் வெட்டும் கூலிகளானார்கள்.

மூட்டை கட்டியும் போகாதவர்களின் கதை இன்னொன்று. 1984இல் கப்பல் சேவை நின்றுவிட்டது. கடவுச்சீட்டு எடுத்து, மாட்டை விற்று, பேரை வெட்டிக்கொண்டவர்கள் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். கையிலிருந்த கடவுச்சீட்டால் இந்தியாவுக்கும் போக முடியவில்லை. இலங்கையில் வாக்களிக்கவும் முடியவில்லை. இத்தகையோருக்கும் வழி திறந்த பிரஜாவுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது.

இன்று போகிறவர்களுக்கு

லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவது நல்ல காரியம். நீண்ட நாள் கேட்டுப் பெற்ற காரியம். எனினும் அன்று கிடைக்காத வாய்ப்பு ஒன்று இன்று உண்டு. அதாவது, முன்கூட்டியே கேட்கவும் போய்ப் பார்க்கவும் முடியும். அதைக் கைவிடலாகாது.

முதலில் கடதாசி. அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பதிவுகள், சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளைகளின் கிளினிக் அட்டை, பாடசாலைச் சான்றிதழ் யாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பையில் சேர்த்து வையுங்கள். பெயர் எழுத்தில் வித்தியாசம் இருந்தால் வீட்டுப் பத்திரம் எழுதப்படும் முன்பே பிரதேச செயலகத்தில் திருத்த வழி கேளுங்கள். பின்னால் திருத்துவது இரட்டிப்பு வேலை. பத்திரம் யார் பெயரில் என்பதையும் இப்போதே பேசுங்கள். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பெயர் அதில் இல்லாவிட்டால், நாளை குடும்பத்தில் பிணக்கு வந்தால் அவள் மீண்டும் மூட்டையோடு நிற்பாள்.

இரண்டாவது, இடம். கோடையிலும் தண்ணீர் வருமா? மழை நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? கழிப்பறைக் குழி எங்கே? பாடசாலைக்கும் மலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் எவ்வளவு நடை? இதை ஆண்கள் மட்டும் போய்ப் பார்த்து வந்தால் போதாது. தண்ணீர் சுமப்பவரும் பிள்ளையைத் தூக்குபவரும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சாமான். ஆடு மாட்டை அவசரப்பட்டு விற்க வேண்டாம். புதிய இடத்தில் பட்டிக்கு இடமுண்டா என்று முதலில் பாருங்கள். வாழைக்கன்றும் கறிவேப்பிலையும் மாற்றுவதானால் மழை தொடங்கும்போது மாற்றுங்கள். அடுப்பும் குடிநீரும் தயாரான பின்பே பிள்ளைகளையும் முதியவரையும் கூட்டிப் போங்கள்.

நான்காவது, விலாசம். கிராம உத்தியோகத்தரிடமும் வாக்காளர் இடாப்பிலும் தபாற் கந்தோரிலும் புதிய விலாசத்தைப் பதியுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் மட்டுமே தலைமுறை தலைமுறையாக விலாசமாக எழுதிய மக்களுக்கு, சொந்த வீட்டு இலக்கம் சிறிய விடயமன்று.

மண்சரிவு அபாயமுள்ள சரிவில் இருப்போருக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்ய அவகாசமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் இருக்கும்போதே பையைக் கதவோரம் வையுங்கள்; சிவப்பு அறிவித்தல் வந்தால் சாமானைப் பார்க்காமல் வெளியேறுங்கள். இருட்டில் எந்தப் பாதை, எந்த வீட்டு முதியவரை யார் தூக்குவது என்பதை மழைக்கு முன்னரே லயத்தில் கூடிப் பேசி வைப்பது அவசியம்.

ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களிடம் உழைப்பு இருந்தது, சிக்கனம் இருந்தது, ஒற்றுமையும் இருந்தது. இல்லாமற் போனவை இரண்டே: முடிவு எடுக்கும் உரிமையும் போகும் இடம் பற்றிய அறிவும். அதனால்தான் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய மூட்டைகள் அக்கரையில் பலருக்குப் பயன்படாமற் போயின. இம்முறை கயிறை எடுக்கும் முன் வீட்டார் எல்லோரும் ஒருமுறை கூடி உட்காரட்டும். தாத்தாவும் பாட்டியும் பேசட்டும். படிக்கும் பிள்ளை படிவத்தை உரக்க வாசிக்கட்டும். ஒரு மாலைப் பொழுது இதற்குச் செலவானால் அது வீண் செலவாகாது.