பட்டு இழையின் கதை

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள பாலராமபுரம் கைத்தறி நெசவிற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நெய்யப்படும் பருத்தி ஆடையின் கரையில் பொன்னிறக் கசவு மின்னும். அசல் கசவின் உள்ளே இருப்பது பட்டு நூல். அதன்மீது மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவர். ஆகவே, ஓணத்திருநாளில் உடுத்தும் பருத்தி ஆடையிலும் ஒரு சிறு புழுவின் உழைப்பு மறைந்திருக்கிறது. அப்புழுவைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பட்டு அந்துப்பூச்சி ஏறத்தாழ 400 முட்டைகள் இடும். பத்து நாள் அளவில் அவற்றிலிருந்து புழுக்கள் வெளிவரும். அவற்றின் உணவு மல்பெரி இலை. இச்செடிக்குத் தமிழில் முசுக்கட்டை என்று பெயர். புழு இரவு பகலாக இலையைத் தின்று, நான்கு முறை தோலுரிக்கும். ஏறத்தாழ 25 நாள்களில் பிறந்தபோது இருந்த எடையைப்போல் 10,000 மடங்கு பெருகிவிடும்.

கேரளத்தில் மறையூர், காந்தளூர் முதலிய மலைப்பகுதிகளிலும், தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் உழவர்கள் இப்புழுக்களை வளர்க்கின்றனர். இது எளிய தொழில் அன்று. வளர்ப்பு மனையின் வெப்பம் 24 முதல் 28 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். கைகால்களைத் தூய்மை செய்த பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும். நோய் புகுந்தால், ஒரு மாத உழைப்பு சில நாள்களில் அழிந்துவிடும்.

முதிர்ந்த புழுக்களைச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விடுவர். புழு தன் தலையை எட்டு என்னும் எண்ணின் வடிவில் அசைத்து, வாயருகே சுரக்கும் நீர்மத்தால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். அந்நீர்மம் காற்றுப்பட்டதும் இழையாக இறுகும். இரண்டு, மூன்று நாள்களில் முடியும் அக்கூட்டில் ஏறத்தாழ 1000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழை இருக்கும்.

அறுபடாத அந்த நீளமும் பட்டின் பளபளப்புக்கும் உறுதிக்கும் ஒரு காரணம். கூட்டினுள் உறங்கும் கூட்டுப்புழு, பூச்சியாக மாறி வெளிவந்தால் இழை சிதைந்துவிடும். ஆதலால், அதற்கு முன்பே நீராவியாலோ வெப்பக் காற்றாலோ அதனைக் கொன்றுவிடுவர். பின்னர்க் கூடுகளை வெந்நீரில் இட்டுப் பசையை இளக்கி, பல இழைகளை ஒன்றாகச் சேர்த்து நூற்பர். ஒரு கிலோ கச்சாப்பட்டிற்கு 4000 முதல் 5000 கூடுகள் வரை வேண்டும். ஒவ்வொரு கூடும் ஓர் உயிர்.

வேறு வழியும் உண்டு. அசாமில் ஆமணக்கு இலை தின்று வளரும் எரிப் பட்டுப்புழுவின் கூடு ஒருபுறம் திறந்திருக்கும். பூச்சி வெளியேறிய பின்னரும் அக்கூட்டைப் பஞ்சுபோல் நூற்கலாம். மல்பெரிக் கூட்டையும் இவ்வாறு நூற்று, அகிம்சைப் பட்டு என விற்கின்றனர். ஆயினும், அதில் வழக்கமான பட்டின் பளபளப்பு இராது.

பளபளப்பா, உயிரா என்னும் வினாவிற்கு அவரவரே விடை காண வேண்டும். ஆனால், பட்டாடையைத் தொடும்போது அதன் பின்னே உள்ள உழவரின் கண்விழிப்பையும் புழுவின் உயிரையும் நாம் மறத்தல் கூடாது.