என்ஜினுக்கும் மூச்சுத் திணறும்!



நமக்குச் சளி பிடித்தால் மூக்கு அடைத்துக்கொள்கிறது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கார் என்ஜினுக்கும் இதே கதைதான். அதற்குப் பிடிக்கிற சளியின் பெயர் கரி. அந்தக் கரி எங்கிருந்து வருகிறது, எப்படி எடுக்கிறார்கள், திரும்ப வராமல் என்ன செய்யலாம் என்று இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். டீசல் காரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். பெட்ரோல் கார் பற்றிக் கடைசியில் கொஞ்சம் வரும்.

என்ஜின் மூச்சு விடுவது எப்படி?

டீசல் எரிய காற்று வேண்டும். வெளிக்காற்று முதலில் ஏர் பில்டருக்குள் போகிறது. அங்கே தூசி தங்கிவிடும். பிறகு குழாய் வழியாக இன்லெட் மேனிபோல்டுக்கு வருகிறது. மேனிபோல்டு என்பது ஒரு கையும் நாலு விரலும் மாதிரி. ஒரு வழியாக வந்த காற்று நாலு விரல் வழியாகப் பிரிந்து நாலு சிலிண்டருக்கும் போகும். சிலிண்டர் வாசலில் வால்வு கதவு மாதிரி திறந்து மூடும். டீசல் இந்த வழியில் வருவதே இல்லை. அதை இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காற்று மட்டும் போகிற வழியில் கரி எப்படி வந்தது?

எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. புகை வெளியே சைலன்சர் வழியாகத்தானே போகிறது? உள்ளே வருகிற வழி ஏன் கறுக்க வேண்டும்? எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர்கள் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்கள்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சாதாரணமாக இரண்டும் சேராது. ஆனால் என்ஜினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிவிடும். அது நுரையீரலைப் பாதிக்கும் வாயு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். அந்த வாயுவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே வருகிற காற்றோடு கலந்துவிடுவது. புகையில் ஆக்சிஜன் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம். அதனால் எரிகிற வெப்பம் குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. எவ்வளவு புகையைத் திருப்பி அனுப்புவது என்று பார்த்துத் திறந்து மூடுகிற வால்வுக்கு இ.ஜி.ஆர். வால்வு என்று பெயர்.

நல்ல யோசனைதான். ஆனால் டீசல் புகையோடு கரித்தூளும் சேர்ந்து வருகிறதே! இன்னொரு பக்கம், என்ஜின் ஆயிலின் ஆவி பிரீத்தர் குழாய் வழியாக அதே பாதைக்கு வருகிறது. கரித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? விறகடுப்புக்கு மேலே உள்ள சுவரைப் பாருங்கள். தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் கரியும் சேர்ந்து கையில் ஒட்டும்படி பிசுபிசு என்று இருக்கும். மேனிபோல்டுக்குள்ளும் அதேதான். நாளாக ஆக அது தடித்து, காற்று போகிற ஓட்டை சிறுத்துவிடும்.

மெதுவாக, நின்று நின்று போகிற வண்டியில் இது சீக்கிரம் பிடிக்கும். நம் மதுரை மாசி வீதிகளிலும் சிம்மக்கல் பக்கமும் ஊர்ந்து போகிற வாடகைக் கார்களுக்கு இந்தத் தொல்லை வருவதில் ஆச்சரியம் இல்லை.

கரி பிடித்தது எப்படித் தெரியும்?

1. பிக்கப் குறையும். மேடு ஏறத் திணறும்.
2. ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை வரும்.
3. மைலேஜ் குறையும்.
4. நிற்கும்போது வண்டி குலுங்கும்.
5. டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியும்.

ஆனால் ஏர் பில்டர் அடைத்தாலும் இன்ஜெக்டர் கெட்டாலும் இதே அறிகுறிகள் வரலாம். அதனால் முதலில் பில்டரைப் பார்த்து, கம்ப்யூட்டர் ஸ்கேனர் போட்டுப் பார்த்த பிறகுதான் மேனிபோல்டைக் கழற்ற வேண்டும்.

எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் காருக்கு இந்த வேலை நடந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதலில் என்ஜின் நன்றாக ஆற வேண்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். எந்த வயர் எங்கே இருந்தது என்று மெக்கானிக் அண்ணன் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு குழாய்களையும் இ.ஜி.ஆர். வால்வையும் மேனிபோல்டையும் கழற்றினார்.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். என்ஜின் பக்கம் திறந்திருந்த நாலு ஓட்டைகளிலும் சுத்தமான துணியை வைத்து அடைத்தார். ஒரு சின்ன நட்டோ கரிக்கட்டியோ உள்ளே விழுந்தால் என்ஜினே போய்விடுமாம். வேலை முடிந்ததும் நாலு துணியையும் எண்ணி எடுத்தார்.

மேனிபோல்டில் கரி மெழுகு மாதிரி அப்பிக்கிடந்தது. தடித்த கரியை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தார். பிறகு கார்பன் கிளீனர் ஊற்றி ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப ஊற வைத்து, திரும்பத் தேய்த்து... ஒரு நாள் முழுக்க இதே வேலை. இ.ஜி.ஆர். வால்வில் மோட்டார் இருக்கும் பக்கத்தை நனைக்கவே இல்லை. சென்சாரைப் பிரஷ்ஷால் தொடவில்லை. எல்லாவற்றையும் நன்றாகக் காய வைத்து, புது கேஸ்கட் போட்டு மாட்டினார்.

செய்யக் கூடாதவை மூன்று உண்டு.

சீக்கிரம் கரைய வேண்டும் என்று காஸ்டிக் சோடாவில் ஊறப் போடக் கூடாது. பல கார்களில் மேனிபோல்டு அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கரியோடு மேனிபோல்டும் போய்விடும்!

ஓடுகிற என்ஜினுக்குள் திரவத்தைக் கண்டபடி ஊற்றக் கூடாது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. சிலிண்டரில் திரவம் நிறைந்தால் பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டேங்கில் ஊற்றுகிற மருந்து மேனிபோல்டைச் சுத்தம் செய்யும் என்று நம்பக் கூடாது. முன்னாலேயே சொன்னேனே, டீசல் அந்த வழியாகப் போவதே இல்லை. போகாத இடத்தை அது எப்படிக் கழுவும்?

அடைத்துவிடலாமா?

அந்த ஒர்க் ஷாப்புக்கு முன்னால் வேறொரு இடத்தில் காட்டியபோது அவர்கள் சொன்ன வைத்தியம் வேறு. "அண்ணே, எதுக்கு ரெண்டு நாள் வண்டிய நிப்பாட்டணும்? இ.ஜி.ஆருக்கு ஒரு தகடு வச்சு அடைச்சிருவோம். செலவும் கம்மி. இனிமே கரியே பிடிக்காது" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அடைத்தால் புகை திரும்பி வராது, கரி பிடிப்பது குறையும். சித்தப்பாவுக்கு இரண்டு நாள் வண்டி ஓடவில்லை என்றால் இரண்டு நாள் வருமானம் இல்லை. மாதத் தவணை கட்ட வேண்டும். அதனால் அவர் கொஞ்சம் யோசித்தார். வீட்டில் இதைப் பேசியபோது, ஆசிரியை சொன்ன நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தை நான் சொன்னேன். அடைத்தால் அந்த வாயு முழுதும் வெளியே வரும். கரும்புகை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. நம் நாட்டில் டீசல் வண்டிக்குப் புகைப் பரிசோதனை செய்யும்போது புகை எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளப்பதில்லை. அதனால் அடைத்த வண்டிக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் நுரையீரல் சான்றிதழைப் பார்க்காது.

சித்தப்பா கேட்டுவிட்டு, "சரித்தா, கழட்டியே சுத்தம் பண்ணிருவோம். நம்ம புள்ளைகளும் அந்த ரோட்டுலதான நிக்குதுக" என்றார். இரண்டு நாள் வருமானம் போனது போனதுதான். அந்த மாதத் தவணைக்குச் சித்தி சீட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

மதுரை சொல்லும் பழைய பாடம்

கரிக்கும் மதுரைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1911-இல் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் நடத்தியவர். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பெட்ரோல் கிடைக்கவில்லை. அப்போது அவர்கள் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியைச் செய்தார்கள். அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற எரிகிற வாயு வரும். அந்த வாயுவில் பஸ் ஓடியது!

கரியிலிருந்து வருகிற வாயுவில் சாம்பலும் தாரும் கலந்திருக்கும். அப்படியே விட்டால் என்ஜின் கெட்டுவிடும். அதனால் இப்படிப்பட்ட கருவிகளில் வாயுவைக் குளிர வைத்து, வடிகட்டிய பிறகுதான் என்ஜினுக்கு அனுப்புவார்கள். வடிகட்டியையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ரோட்டில் கிடக்கும் ஆணி குத்தி பஸ் டயர்கள் பஞ்சர் ஆகிக்கொண்டே இருந்தன. அவர் காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளை எடுக்க வைத்தார். பஞ்சர் ஒட்டுவதோடு நிற்காமல் ஆணியையே பொறுக்கிவிட்டார். கரி விஷயத்திலும் இதுதான் பாடம். சுரண்டி எடுப்பது பஞ்சர் ஒட்டுவது மாதிரி. கரி வருகிற காரணத்தைக் குறைப்பதுதான் ஆணியைப் பொறுக்குவது. விறகடுப்பில் வைக்கும் முன் பாத்திரத்தின் அடியில் மண் பூசுகிற நம் பாட்டிகளுக்கும் இது தெரியும்.

காரணத்தைக் குறைப்பது எப்படி? ஏர் பில்டரைக் காலத்தில் மாற்ற வேண்டும். சரியான ஆயிலைச் சரியான கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடுகிற வண்டியை அவ்வப்போது திருமங்கலம் நாலு வழிச்சாலை போன்ற ரோட்டில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டினால் என்ஜின் நன்றாகச் சூடாகி, புதிதாகச் சேரும் கரி குறையும். ஆனால் ஏற்கெனவே இறுகிய கரி இதனால் போகாது.

பெட்ரோல் காரில்?

சாதாரண பெட்ரோல் காரில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது. அதுவே வால்வைக் கழுவிவிடும். சில புதுக் கார்களில் பெட்ரோலும் நேராகச் சிலிண்டருக்குள் போகிறது. அந்தக் கார்களில் வால்வின் முதுகில் கரி பிடிக்கும். அதை எடுக்க வெளிநாடுகளில் அக்ரூட் கொட்டையின் ஓட்டைப் பொடியாக்கி, காற்றோடு சேர்த்து வேகமாக அடிக்கிறார்கள். ஓடு கரியை உடைக்கும், ஆனால் இரும்பைக் கீறாது.

வேலை செய்கிறவர்களுக்கு

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் அறிவித்தது. அதனால் இந்தக் கரியை அலட்சியமாக நினைக்கக் கூடாது. நான் பார்த்த அண்ணன் கையுறையும் மாஸ்க்கும் போட்டிருந்தார். காய்ந்த கரியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவில்லை, நனைத்துத்தான் எடுத்தார். கிளீனர் சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில் வைத்துச் செய்தார். கழுவிய கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் பிடித்து, பழைய ஆயிலோடு சேர்த்து வைத்தார். சாக்கடையில் விட்டால் அது கடைசியில் நம் கண்மாய்க்குத்தான் வரும்.

நம் பள்ளியில் பலர் வீட்டில் கார், வேன், டிராக்டர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கும் அண்ணன்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "ஏர் பில்டர் எப்ப மாத்துனீங்க? கரி எடுக்கும்போது மாஸ்க் போடுறீங்களா?"

- 9-ஆம் வகுப்பு மாணவி