பால்மாப் பேணியில் ஒரு பரிசுப் பெட்டி

உறவினர் வீட்டுக்கு வெறுங்கையுடன் போவது எமது வழக்கமல்ல. இடம்பெயர்ந்து வாழும்போதும் அதைக் கைவிட வேண்டியதில்லை. குழந்தைப் பால்மா வரும் மூடியுள்ள பேணி ஒன்று போதும்.

துருப்பிடிக்காத பேணியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். 2 மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, 1 கோப்பை நீர் சேர்த்துச் சிறுதீயில் கிண்டினால் பசை தயார். பழைய சேலைத் துண்டில் பசை பூசி, பேணியின் வெளிப்புறத்தில் சுற்றி ஒட்டுங்கள். அதன்மேல் மெல்லிதாக வார்ந்த பனங்குருத்தோலையைப் பின்னிக் கட்டலாம். பின்னர் ஒருநாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

உட்புறத்தில் பசையோ வர்ணமோ படக்கூடாது. கிருமிநாசினி இருந்த பேணியை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

பனங்கட்டியை ஓலைக் குட்டானில் இட்டுப் பழகிய எமக்கு இது புதிய வேலையல்ல. பயற்றம் பணியாரம் வைத்துக் கொடுக்கலாம். சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பமானால், நன்கு காய்ந்த விதைப் பயற்றுடன் உலர்ந்த வேப்பிலையும் இட்டு இறுக மூடிக் கொடுங்கள். அவர்களுடைய முதல் விதைப்புக்கு அது உதவும். பேணியும் வீட்டில் நிற்கும்.